பதினேழு

"எத்தனை நிமிஷம் வேணும்?" என்றார்
ராமநாதபுரம் கடையில் சீனி நைனார்.
விலையைத்தான் முதலில் பேசுவார் என்று
ஆறாயிரம் என்ற பதிலோடு போயிருந்தேன்.
நிமிஷத்துக்குப் பதில் இல்லை.

"சரி, என்னென்ன மாட்டுவீங்க?"
தாளில் எழுதினார்.
கணினி நூற்றைம்பது வாட். திரை இருபத்தைந்து.
ரௌட்டர் பன்னிரண்டு.
லேசர் பிரிண்டர் என்றேன்.
பேனாவை மூடிவிட்டார்.
"அதை இதுல மாட்டினா பிரிண்டரும் நிக்கும், இதுவும் நிக்கும்,
நீங்க என் கடை வாசல்ல வந்து நிப்பீங்க."
மின்விசிறியை நானே அடித்தேன்.
வேர்த்துச் செத்தவர் எங்கள் ஊரில் இல்லை.

அலமாரியில் அறுநூறு வி.ஏ. பெட்டி.
"அறுநூறு அட்டையில எழுதுறது.
முந்நூத்தி அறுபது வாட்தான் உள்ள இருக்கு."
இது எனக்குப் புதிதில்லை.
ஐஸோடு நிறுத்த நாற்பது கிலோ நண்டு,
உருகவிட்டு நிறுத்தினால் முப்பத்திரண்டு.

பிறகு ரசீதின் முதுகில் இரண்டு அலை வரைந்தார்.
ஒன்று படிக்கட்டுப் படிக்கட்டாக.
ஒன்று வளைந்து, வளைந்து.
"வளைஞ்சது ரெண்டாயிரம் கூட."
தங்கச்சிமடத்துக்காரியிடம் அலை விற்கிறார்!
வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்,
இரண்டிலும் படிக்கட்டாக வந்த அலையை
நான் கண்டதில்லை.
"உங்க கணினி பழசு. படிக்கட்டையும் செரிச்சுக்கும்" என்றார்.
செரிக்கட்டும்.

"இப்ப நிமிஷம் சொல்லுங்க."

மே மாதம், கச்சான் காற்று பிடித்த வாரம்.
இரவு பதினொன்று நாற்பத்தாறு.
பக்கத்து ஸ்டூலில் சுபீனா, நர்சிங் விண்ணப்பம்,
கடைசி நாள்.
புகைப்படம் ஏறிவிட்டது. கையெழுத்தும்.
அவள் அப்பாவின் கணக்கிலிருந்து பணம் போய்
திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.
போனது கரண்ட்.
மேசைக்கடியில் பழைய யூ.பி.எஸ். ஒரே ஒரு பீப்.
முனைகளில் பச்சைப் பூ. உப்பு தின்று
என்றைக்கோ செத்திருக்கிறது.
கரண்ட் இருந்த நாளெல்லாம்
அது உயிரோடிருப்பதாக நான் நம்பியிருக்கிறேன்.
பன்னிரண்டு மணி மூன்று நிமிஷத்துக்கு விளக்கு வந்தது.
"சரிக்கா" என்றாள்.
நான் வேண்டாம் என்ற எழுபது ரூபாயை
கீபோர்டுக்கடியில் செருகிவிட்டுப் போனாள்.

"பதினேழு" என்றேன்.

"அதென்ன பதினேழு?
எல்லாரும் பத்துன்னு கேப்பாங்க, அரைமணின்னு கேப்பாங்க."
கடல் கணக்கு என்று ஏதோ உளறினேன்.
அவர் தட்டிப் பார்த்தார்.
"அப்ப அறுநூறு காணாது. ஆயிரத்துக்குப் போங்க,
ரெண்டு பேட்டரி, இருபது நிமிஷம் நிக்கும்.
ரெண்டு வருஷம் கழிச்சுப் பன்னிரண்டுதான்.
வாங்கின தேதியை ஒட்டி வைங்க. முனையில வாசலின்.
ஜன்னலோரம் வேண்டாம்."

பாம்பன் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.
மடியில் கனம், தொடை மரத்துவிட்டது.
"உள்ள என்னம்மா?" என்றார் லக்கேஜுக்குக் காசு கேட்ட கண்டக்டர்.
இருபது நிமிஷம் என்று வாய் வரை வந்தது.
பேட்டரி என்றேன்.

ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு
நானே பிளக்கைப் பிடுங்கினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
திரை அப்படியே. ரௌட்டரின் பச்சைப் புள்ளி அப்படியே.
ஒன்றும் நடக்காமலிருக்கத்தான் அவ்வளவு காசு.
பீப். கொஞ்சம் விட்டு, பீப்.
அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.
'விண்ணப்பக் காலம் முடிந்தது.'
எட்டாம் நிமிஷம் எதிர்வீட்டில் சீரியல் முடிந்து
பாத்திரம் கழுவும் சத்தம்.
பதினேழு ஆனபோது
எழுந்து நின்றுவிட்டேன், ஏனென்று தெரியவில்லை.
பீப் நெருங்கி நெருங்கி
இருபத்தோராம் நிமிஷம் எல்லாம் அணைந்தது.

இருட்டிலேயே தடவி பிளக்கைச் செருகினேன்.
ஸ்டிக்கரில் தேதி எழுதினேன்.
வாசலின் டப்பாவைத் தேட
கீபோர்டை நகர்த்தியபோது
எழுபது ரூபாய், ஒரு ஐம்பது, இரண்டு பத்து,
வைத்தபடியே இருந்தது.
வைத்தபடியே மூடினேன்.